கவிழ்த்துப் போட்ட கட்டில்

சினிமாவுக்கு விமரிசனம் எழுதுகிறோம். ஓட்டல் சாம்பாருக்கு எழுதுகிறோம். கல்யாண வீட்டு போட்டோகிராபருக்குக்கூட நட்சத்திரம் போடுகிறார்கள். ஒரு நாளில் ஏழெட்டு மணி நேரம், ஆயுளில் மூன்றில் ஒரு பங்கு நம்மைத் தாங்குகிற கட்டிலுக்கு மட்டும் யாரும் விமரிசனம் எழுதிப் பார்த்ததில்லை. இந்த வாரம் எழுதுகிறேன். ஒரு புத்தகம், ஒரு கட்டில். புத்தகத்தைப் படித்துவிட்டுச் செய்த கட்டில் என்பதால் ரெண்டையும் சேர்த்தே பார்த்துவிடலாம்.

'பி.காம். படித்தவனுக்கும் மரவேலைக்கும் என்னய்யா சம்பந்தம்?' என்று நீங்கள் கேட்கலாம். சம்பந்தம் உண்டு. கணக்குப் புத்தகத்தில் மர சாமான் என்பது தேய்கிற சொத்து. கம்பெனிக்காரர்கள் வருமான வரிக் கணக்கில் வருஷத்துக்குப் பத்து சதவிகிதம் கழித்துக்கொண்டே வருவார்கள். அப்படிக் கழித்தால் 22 வருஷத்தில் நூறு ரூபாய்க் கட்டில் பத்து ரூபாய்க்கும் கீழே வந்துவிடும். ஆனால் நம் வீடுகளில் பாட்டி படுத்து, அப்பா படுத்து, இப்போது பேரன் மேலே ஏறிக் குதிக்கிற கட்டில்கள் இருக்கின்றன. கணக்கு தப்பில்லை. அது பொருந்துகிற கட்டில் எது, பொருந்தாத கட்டில் எது என்பதுதான் இன்றைக்கு விஷயம்.

முதலில் புத்தகம். 'தி சோல் ஆஃப் எ ட்ரீ'. 1981-ல் வந்தது. எழுதியவர் ஜார்ஜ் நகாஷிமா. அமெரிக்காவில் 1905-ல் பிறந்த ஜப்பானியர். கொஞ்சம் காட்டியல், அப்புறம் கட்டடக் கலை படித்தார். கடைசியில் ஊர் உலகத்துக்குத் தெரிந்தது தச்சராக. மேசை, நாற்காலி, கட்டில், அலமாரி. பென்சில்வேனியாவில் நியூ ஹோப் என்கிற ஊரில் வீட்டையும் பட்டறையையும் ஒரே தோட்டத்துக்குள் கட்டிக்கொண்டு, 1990-ல் இறக்கும் வரை மரத்தோடு வாழ்ந்தவர். பட்டறை இன்றும் மகள் மீராவின் பொறுப்பில் நடக்கிறது.

ஆமாம், மீராதான். ஜப்பானியக் குடும்பத்தில் அந்தப் பேர் எங்கிருந்து வந்திருக்கும் என்று யோசிக்கிறீர்களா? அதற்குப் புதுச்சேரிக்குப் போக வேண்டும். அரவிந்தர் ஆசிரமத்து அன்னையின் இயற்பெயர் மீரா.

அன்டோனின் ரேமண்ட் என்று ஒரு கட்டடக் கலைஞர். செக் நாட்டில் பிறந்து டோக்கியோவில் ஆபீஸ் நடத்தியவர். அவரிடம் ஆசிரமம் ஒரு வேலை கொடுத்தது: அன்பர்கள் தங்க ஒரு விடுதி. நிஜாமின் திவான் சர் அக்பர் ஹைதரி மூலமாக லட்ச ரூபாய் நன்கொடை வந்தது. அதனால் கட்டடத்துக்குப் பேரே 'கோல்கொண்டே'. அந்த வேலைக்காக 1937-ல் புதுச்சேரி வந்து சேர்ந்தார் நகாஷிமா. வேலை பார்க்க வந்தவர், சம்பளம் வேண்டாம் என்று சொல்லிவிட்டு ஆசிரமவாசியாகவே ஆகிவிட்டார். அரவிந்தர் வைத்த பேர் சுந்தரானந்தா.

கோல்கொண்டேயின் அறைக் கதவுகள் தேக்குச் சட்டங்களால் ஆனவை, இழுத்து மூடுகிறவை. காற்று உள்ளே போகும், கண் உள்ளே போகாது. பித்தளைக் கைப்பிடிகளுக்கும் கொண்டிகளுக்கும் அன்பர்கள் கொடுத்த பழைய பாத்திரங்களை உருக்கினார்கள். (இந்தப் பாத்திர விஷயத்தை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் வேண்டியிருக்கும்.) அறைகளுக்கான மர சாமான்களை வரைந்தவர் நகாஷிமா. பின்னாளில் உலகப் புகழ் பெறப்போகிற தச்சரின் ஆரம்பம் அங்கேதான், நம்ம ஊர் வெயிலில், நம்ம ஊர் உளிகளோடு. தியானம் செய்கிறவர் தூங்கி எழுந்து, எழுதி, வேட்டியை மடித்து வைக்க என்ன வேண்டுமோ அது மட்டும். தேவைக்கு மேல் ஒரு கோடு கிடையாது.

1939-ல் கிளம்பினார். ஜப்பான் போய், அமெரிக்கா திரும்பி, 1941-ல் சியாட்டிலில் ஒரு மாதாகோயில்காரர்களின் பையன்கள் கிளப்பில் சின்னதாகப் பட்டறை போட்டார். அந்த வருஷக் கடைசியிலேயே போர். ஜப்பானிய ரத்தம் என்பதற்காக அமெரிக்க அரசாங்கம் தன் பிரஜைகளையே முள்வேலிக்குள் அடைத்ததே, அதில் இவரும் மனைவியும் கைக்குழந்தை மீராவும். ஐடஹோ மாநிலத்தில் மினிடோகா முகாம். அங்கே ஜப்பானில் முறையாகத் தொழில் கற்ற ஒரு தச்சர் அகப்பட்டார். பேர் கெண்டாரோ ஹிகோகாவா. முகாமில் கிடந்த கழிவுப் பலகைகளையும் பாலைவனத்துப் புதர்க்கட்டைகளையும் வைத்துக்கொண்டு இவர் அவரிடம் உளி பிடிக்கக் கற்றுக்கொண்டார். கட்டடக் கலையில் பெரிய பட்டம் வாங்கியவர், கைதி முகாமில் இன்னொரு கைதியிடம் அப்ரெண்டிஸ்! 1943-ல் ரேமண்ட் முயற்சி எடுத்து வெளியே கொண்டுவந்தார்.

புத்தகத்தில் எனக்குப் பிடித்தது இந்த வாழ்க்கைதான். தத்துவத்தில் பாதிதான் பிடித்தது.

மரம் வெட்டப்பட்டதோடு செத்துப்போவதில்லை, நல்ல மேசையாகவோ கட்டிலாகவோ இன்னொரு ஜன்மம் எடுக்கிறது என்பது அவர் கட்சி. பெரிய அடிமரத்தை எந்த இடத்தில் அறுப்பது என்கிற முடிவை வைரம் வெட்டுவதோடு ஒப்பிடுகிறவர். படித்தபோது சிரிப்பு வந்தது. நாம் மரத்தின் நடுக்கட்டைக்கே 'வைரம்' என்றுதான் பேர் வைத்திருக்கிறோம். 'வைரம் பாய்ஞ்ச கட்டை' என்று தாத்தாக்களைப் புகழ்வதும் அங்கிருந்துதான். அவர் உவமையாக எட்டிப் பிடித்தது நம்மூர் மரவாடியில் அன்றாடம் புழங்குகிற சொல்.

பிடிக்காத பாதி எது? மரத்தின் இயற்கையான ஓரத்தை நேராக அறுக்காமல், வளைவும் நெளிவுமாக அப்படியே விடுவார் நகாஷிமா. விரிசலை மறைக்க மாட்டார். குறுக்கே பட்டாம்பூச்சி வடிவத்தில் ஒரு மரத்துண்டைப் பதித்து, விரிசல் மேலே ஓடாமல் நிறுத்துவார். அழகுதான். சத்தியமான வேலையும்கூட. ஆனால் உலகம் அவரிடமிருந்து எடுத்துக்கொண்டது இதை மட்டும்தான். 2006-ல் அவருடைய மேசை ஒன்று ஏலத்தில் எட்டு லட்சம் டாலரைத் தாண்டிப் போனது. இப்போது எந்த ஊர் காபிக் கடைக்குப் போனாலும் பாருங்கள், பட்டை உரிக்காத பலகை, நடுவிலே நீல ரெசின் ஆறு! மரத்துக்கு ஆன்மா உண்டு என்று ஒரு ஆள் சொன்னார். கேட்டவர்கள் அதைச் சதுர அடி ரேட்டில் விற்க ஆரம்பித்துவிட்டார்கள்.

ரெண்டு நகாஷிமாக்களையும் பக்கத்துப் பக்கத்தில் வைத்துப் பார்க்க நமக்கு வசதி இருக்கிறது. ஆரோவில்லின் யூனிட்டி பெவிலியனில் அவர் கனவு கண்ட அமைதி மேசைகளில் ஒன்று இருக்கிறது. கருவாதுமை மரத்தின் மாபெரும் பலகைகள். அவர் காலத்துக்குப் பிறகு பட்டறை முடித்து அனுப்பி, 1996-ல் வந்து சேர்ந்தது. அங்கிருந்து பத்துப் பன்னிரண்டு கிலோமீட்டரில் கோல்கொண்டே. அது குடியிருக்கும் விடுதி, நினைத்த நேரத்தில் உள்ளே நுழைய முடியாது. அறைகளைப் படங்களில் பார்க்கலாம். மேசைக்கு முன்னால் நின்றால் வாய் பிளக்கிறோம், 'எவ்வளவு பெரிய மரம்!' என்கிறோம். கோல்கொண்டே சாமான்களைப் பார்த்தால் அப்படி எதுவும் தோன்றுவதில்லை. இந்த அறையில் ஒரு வாரம் இருந்தால் நன்றாயிருக்கும் என்றுதான் தோன்றுகிறது. எனக்கு அதுதான் உசத்தி. மேசையில் தெரிவது மரம். அந்த எளிய சாமானில் தெரிவது, அதைப் பயன்படுத்தப் போகிற மனுஷன்.

சரி, இனி கட்டில்.

திருச்சியிலிருந்து துறையூர் ரோட்டில் இருபது கிலோமீட்டர் போல போனால் திருவெள்ளறை. வெள்ளைப் பாறைக் குன்றின் மேல் புண்டரீகாட்சப் பெருமாள். ஸ்ரீரங்கத்தில் ஹாயாகப் படுத்திருக்கிற பெருமாள் இங்கே நின்றுகொண்டிருக்கிறார். கட்டில் இல்லாத ஊர் போலிருக்கிறது என்று யாரோ ஜோக் அடிக்க, பதிலுக்குக் கட்டில் செய்ய ஆரம்பித்த மாதிரி ஒரு நண்பர் அங்கே இருக்கிறார். பெல் கம்பெனியில் பாய்லர் பிரிவில் முப்பது வருஷத்துக்கு மேல் வேலை பார்த்து ரிட்டையர் ஆனவர். பேர் போடக் கூடாது என்று கண்டிஷன். 'பெல் சார்' என்றே வைத்துக்கொள்வோம். பழைய மாட்டுக்கொட்டகைதான் பட்டறை. நகாஷிமா புத்தகத்தை அமெரிக்காவில் இருக்கும் மகன் வாங்கி அனுப்பினான். அதுதான் வினை.

மரம் எங்கிருந்து வந்தது என்பதைச் சொல்லியாக வேண்டும். அவர் மனைவிக்கு ஊர் கீரமங்கலம் பக்கம். அந்த அக்காவின் அப்பா கையால் நட்ட பலாமரம். 2018 நவம்பர் 16 விடியற்காலை கஜா புயல் அந்த வட்டாரத்துத் தென்னையையும் பலாவையும் கூட்டிப் பெருக்கியதே, அதில் இதுவும் சாய்ந்தது. விறகுக்கு விலை பேச வந்தவர்களைத் திருப்பி அனுப்பிவிட்டு, அடிமரத்தை லாரியில் ஏற்றி திருவெள்ளறைக்குக் கொண்டுவந்தார் அந்த அக்கா. கவனியுங்கள், பெல் சார் இல்லை, அவர் மனைவி.

அறுவை மில்லில் பலகையாக்கி, கொட்டகையில் நிழலில் அடுக்கி, பலகைக்கும் பலகைக்கும் நடுவில் குறுக்குக் குச்சிகள் வைத்து, வெடிக்காமல் இருக்க வெட்டு முனைகளில் பெயின்ட் அடித்துக் காத்திருந்தார்கள். காற்றில் காய வைத்தால் ஒரு அங்குல கனத்துக்கு ஒரு வருஷம் என்று தச்சர்கள் ஒரு கணக்கு வைத்திருக்கிறார்கள். ஒன்றரை அங்குலப் பலகைக்கு ரெண்டு வருஷமாவது கொடுப்போம் என்று இருந்தபோது கொரோனா வந்தது. காத்திருப்பதைத் தவிர வேறு வேலையும் இல்லாமல் போனது.

பெல் சாருக்கு உலோகம் தெரியும். நூலிழை பிசகாமல் வேலை பார்த்த கை. ஆனால் உலோகமும் மரமும் ஒரே ஜாதி இல்லை. இரும்பு சூட்டுக்கு விரிகிறது. மரம் ஈரத்துக்கு விரிகிறது. அதுவும் எல்லாப் பக்கமும் இல்லை. நீளவாட்டில் அனேகமாக அசையாது. அகலவாட்டில் ஐப்பசி மழைக்கு உப்பும், சித்திரை வெயிலுக்குச் சுருங்கும். (மழைக்காலத்தில் உங்கள் வீட்டு மேசை டிராயர் ஏன் மக்கர் பண்ணுகிறது என்பது புரிகிறதா?) அகலப் பலகையைச் சட்டத்தில் ஸ்குரு போட்டு இறுக்கினால் அது சுருங்க இடமில்லாமல் வெடிக்கும். அதனால்தான் பழைய அலமாரிக் கதவில் நடுப்பலகையை ஒட்ட மாட்டார்கள். நாலு பக்கச் சட்டத்தில் காடி வெட்டி, அதற்குள் சும்மா நிற்க வைப்பார்கள். அது தன் பாட்டுக்கு மூச்சு விட்டுக்கொள்ளும். பெல் சார் முதல் தலைமாட்டுப் பலகையை பாய்லர் தகடு மாதிரி எட்டு ஸ்குரு போட்டு இறுக்கினார். மே மாதம் மதியம் ஒரு மணிக்குப் பட்டாசு மாதிரி சத்தம். எழுந்து போய்ப் பார்த்தால் பலகை ரெண்டாகப் பிளந்திருந்தது.

அப்புறம்தான் ஆசாரி வந்தார். எழுபது வயதை ஒட்டியவர். பக்கத்து ஊர்.

இந்த இடத்தில் கொஞ்சம் நிற்கிறேன். வீட்டிலேயே பட்டறை வைத்துச் சொந்தமாக மர சாமான் செய்வது மேல்நாட்டுப் பொழுதுபோக்கு என்று நாம் நினைக்கிறோம். நம்மூரில் வழக்கம் வேறு மாதிரி. வீட்டுக்குப் பட்டறை வரும். வீடு கட்டுகிறபோது ஆசாரி கொல்லையில் பந்தல் போட்டு உட்காருவார். வாசக்கால் வைக்கிற அன்று வேட்டி துண்டு மரியாதை. நிலையும் கதவும் முடிந்தபின் மிஞ்சின மரத்தில் ஒரு கட்டில், ஒரு பெஞ்சு, பெண் குழந்தைக்கு ஒரு மரப்பாச்சி. இழைப்புச் சுருள்களை நாங்கள் அள்ளிக்கொண்டு போய் வெந்நீர் அடுப்பில் போடுவோம். மரம் வீட்டுக்காரருடையது, கை ஆசாரியுடையது, கண் எல்லோருடையது. பாட்டி தாழ்வாரத்தில் இருந்தபடியே 'ரெண்டு விரக்கடை ஒசத்து, ஏற முடியலை' என்பார். ஒசத்துவார். எந்த ஷோரூமில் இது நடக்கும்?

ஏக்கப் பெருமூச்சு விடுவதற்காக இதைச் சொல்லவில்லை. அந்த ஆசாரிக்கு நாள் கூலிதான். மழைக்காலத்தில் அதுவும் கிடையாது. அதனால்தான் இந்த ஆசாரியின் மகன் மாடுலர் கிச்சன் மாட்டுகிற வேலைக்குப் போய்விட்டான். மாதச் சம்பளம், மோட்டார் பைக். அவனைக் குறை சொல்ல நமக்கு யோக்கியதை இல்லை. வாடகை வீட்டில் பதினோரு மாதத்துக்கு ஒரு தடவை ஜாகை மாற்றுகிற பையன் மரத்தூள் பலகைக் கட்டில் வாங்கினால் அவனையும் குறை சொல்ல மாட்டேன். அது லேசு, சல்லிசு, பார்க்கவும் லட்சணம். ஒரே பிரச்னை, தூளை அழுத்திச் செய்த பலகையில் ஸ்குரு ஒரு தடவைதான் கெட்டியாகப் பிடிக்கும். பிரித்து மறுபடி மாட்டினால் பிடி பாதி போய்விடும். கொஞ்சம் தண்ணீர் பட்டால் ஊறின பிஸ்கட். இருபத்திரண்டு வருஷக் கணக்கெல்லாம் இதற்கு வேண்டாம். நாலாவது வீடு மாற்றும்போதே கணக்கை முடித்துவிடலாம்.

இனி திருவெள்ளறைக் கட்டிலுக்கு என் மார்க்.

தலைமாடு: சுமார். பெல் சார் இங்கே நகாஷிமாவாக முயன்றிருக்கிறார். மேல் ஓரம் மரத்தின் இயற்கை வளைவு. போட்டோவில் பிரமாதம். நேரில் அந்த நெளிவில் கொசுவலை மாட்டிக்கொள்கிறது, தூசி தங்குகிறது, சாய்ந்து உட்கார்ந்து பேப்பர் படித்தால் பிடரியில் குத்துகிறது. பட்டாம்பூச்சிகள் ரெண்டு. ஒன்று நிஜ விரிசலின் மேல், நியாயமான இடத்தில். இன்னொன்றுக்குக் கீழே விரிசலே இல்லை. ஜோடிக்காகப் போட்டாராம். இல்லாத காயத்துக்குக் கட்டு! நகாஷிமாவின் நேர்மையான ஒரு பழக்கம் இங்கே அலங்காரமாகிவிட்டது. அவரிடம் இதைச் சொன்னேன். முகம் சுருங்கியது. ''தம்பி சொல்றது சரிதான்'' என்று அந்த அக்கா உள்ளேயிருந்து குரல் கொடுத்தார். முகம் இன்னும் சுருங்கியது.

பூச்சு: நல்ல முடிவு. வார்னிஷ் பளபளப்பு இல்லாமல் எண்ணெய் மட்டும் ஏற்றியிருக்கிறார். பலாக்கட்டை அறுத்த புதிதில் மஞ்சளாக இருக்கும். வருஷம் ஆக ஆகத் தேன் நிறமாகி, அப்புறம் பழுப்பேறும். தஞ்சாவூர் வீணை அதே மரம்தானே, பழைய வீணையின் நிறத்தைப் பார்த்திருப்பீர்கள். கட்டில் அந்த வழியில் பாதி தூரம் வந்திருக்கிறது.

அடிப்பக்கம்: இதற்குத்தான் முழு மார்க். கட்டிலை விமரிசிப்பவன் படுத்துப் பார்ப்பதோடு நிறுத்தக் கூடாது, கவிழ்த்துப் போட்டுப் பார்க்க வேண்டும். கவிழ்த்தோம், மூன்று பேர் சேர்ந்து.

கட்டிலில் உயிர்நிலை நீளச் சட்டமும் காலும் சேருகிற நாலு மூலை. மற்ற மூட்டுகளைப் பசை போட்டு நிரந்தரமாக இறுக்கலாம். இந்த நாலை மட்டும் அப்படிச் செய்ய முடியாது, செய்தால் கட்டில் வாசலுக்குள் நுழையாது. ஆக, மனுஷன் புரளுகிற ஆட்டத்தையெல்லாம் தாங்கவும் வேண்டும், வேண்டும்போது கழலவும் வேண்டும். பாதி ராத்திரி 'கிறீச்' என்கிற கட்டில்களுக்கெல்லாம் வியாதி பெரும்பாலும் இந்த மூலையில்தான். ஆசாரி காலில் துளை எடுத்திருக்கிறார், சட்டத்தின் முனையில் குட்டையாக ஒரு நாக்கு. நாக்கு துளைக்குள் உட்கார்ந்து எடையைத் தாங்குகிறது. காலுக்கு வெளியேயிருந்து நீளமாக ஒரு போல்ட் உள்ளே போய், சட்டத்துக்குள் புதைந்த நட்டைப் பிடித்து இழுக்கிறது. சுமப்பது மரம், இறுக்குவது இரும்பு. பசை ஒரு சொட்டு இல்லை. நாலு போல்ட்டையும் கழற்றினோம், சட்டம் கையோடு வந்தது. மறுபடி தட்டினோம், ஒரு 'டப்', உட்கார்ந்துவிட்டது. துளையின் உள்சுவரைத் தடவிப் பார்த்தேன். யாரும் என்றைக்கும் பார்க்கப் போகாத இடம். மேசை மேல்பலகை மாதிரி வழவழ.

கணக்கும் போட்டுப் பார்த்தேன், படித்த படிப்பு விடாதே. ஆறரைக்கு ஐந்தடிக் கட்டிலில் கால், சட்டம், தலைமாடு, குறுக்குச் சட்டம் எல்லாம் சேர்த்து நிற்பது ஏறக்குறைய நாலு கன அடி மரம். உள்ளே வந்தது ஐந்து. ஒரு கன அடி சுருளாகவும் தூளாகவும் போயிருக்கிறது. வேலை, பெல் சாரின் ஏழு மாதத்து சாயங்காலங்கள், ஆசாரியின் ஒன்பது நாள். அந்த ஒன்பது நாளுக்குக் கொடுத்த கூலியைச் சொன்னால் வேண்டாம், விடுங்கள். திருச்சி ஓட்டலில் ஒரு குடும்பம் ரெண்டு தடவை நன்றாகச் சாப்பிடலாம், அவ்வளவு.

எனக்கு உறுத்தியது அங்கே இல்லை. தலைமாட்டுப் பலகையின் பின்பக்கம், சூடு வைத்து எழுதியிருந்தது: பெல் சாரின் இனிஷியல், மனைவியின் இனிஷியல், வருஷம். மரம் நட்ட மாமனார் பேரும் சின்னதாக. ஆசாரி பேர் இல்லை.

''ஒன்பது நாள்தானே வந்தார்'' என்றார் பெல் சார். ''டிசைன் என்னது. முக்காவாசி வேலை என்னது.''

நியாயம்தான். ஆனால் அந்த முக்காவாசி, மூலை நாலும் சரியில்லையென்றால் விறகு. அவர் சாமி மாதிரி மேசை மேல் வைத்திருக்கிற புத்தகத்தின் ஆசாமி, தனக்குத் தொழில் சொல்லிக்கொடுத்த முகாம் தச்சரைப் பேர் சொல்லிக் கும்பிடுகிறவர். ஹிகோகாவா என்கிற பேர் திருவெள்ளறையில் இருக்கிற எனக்குத் தெரிகிறதென்றால் அதனால்தான். அந்த நகாஷிமா தன் சாமான்களில் ரொம்ப காலம் தன் கையெழுத்துகூடப் போட்டதில்லை. பல சமயம் அடியில் மையால் எழுதியிருப்பது வாங்கியவர் பேர்தான். வளைந்த ஓரத்தைக் காப்பியடித்த பெல் சார் இந்தப் பக்கத்தை மட்டும் தாண்டிவிட்டார்.

சாயங்காலம் காற்றாட சுவஸ்திக் கிணற்றுக்குப் போனோம். தந்திவர்ம பல்லவன் காலத்தது, ஏறக்குறைய 1200 வருஷம். நாலு பக்கமும் படிகள் ஒடிந்து திரும்புகிற அமைப்பு. ஒரு துறையில் குளிப்பவரை அடுத்த துறையில் இருப்பவர் பார்க்க முடியாது. 'மாமியார் மருமகள் கிணறு' என்று ஊரில் கேலிப் பேர். கோல்கொண்டேயின் கதவு மாதிரியே, தண்ணீர் எல்லோருக்கும் பொது, பார்வை கிடையாது. கல்வெட்டில் கம்பன் அரையன் பேர் இருக்கிறது, வெட்டுவித்த புண்ணியவான். அத்தனை படியையும் கோணாமல் மடக்கின கல்தச்சன் பேரை எங்கே தேடுவது? பெல் சார் கல்வெட்டைப் பார்த்துக்கொண்டு நின்றார். நான் ஒன்றும் சொல்லவில்லை. ஏற்கெனவே பட்டாம்பூச்சியில் ஒரு தடவை நொந்திருக்கிறார் மனிதர்.

கோல்கொண்டேயும் இதே கதைதான். யாரைக் கேட்டாலும் ரேமண்ட், சாமர், நகாஷிமா என்று மூன்று கட்டடக் கலைஞர்களைச் சொல்வார்கள். அந்தத் தேக்குக் கதவை இழைத்தவர்கள்? நாம் எவர்சில்வர் டம்ளரில்கூடப் பேர் வெட்டி வைக்கிற ஜனங்கள். 'லட்சுமி அம்மாள் நினைவாக' என்று டியூப்லைட்டையே மறைக்கிறவர்கள். கோல்கொண்டே கைப்பிடியாக உருகின பாத்திரங்களில் எத்தனை பேர் வெட்டியிருந்ததோ! கொடுத்தவர் பேர் பொறிப்பதில் நமக்குக் குறையே கிடையாது. செய்தவர் பேர் என்றால்தான் இடம் பற்றாது.

திரும்பி வந்ததும் ஆசாரிக்குப் போன் போட்டார் பெல் சார். ஸ்பீக்கரில்.

''ஆசாரி, கட்டில்ல உங்க பேரைப் போடலாம்னு...''

''அதெல்லாம் எதுக்கு சார். மூலை ஆடுதா?''

''இல்லை, இல்லை. நல்லாருக்கு. இப்பதான் பிரிச்சு மாட்டினோம்.''

''மாத்தி மாட்டிடலையே? சட்டத்துக்கு உள்பக்கம் பென்சில்ல போட்டிருக்கேன் பாருங்க. ஒண்ணுக்கு ஒண்ணு, ரெண்டுக்கு ரெண்டு. ஒவ்வொரு நாக்கும் அந்தந்தத் துளைக்குன்னு எழைச்சது. மாத்தினா சேராது.''

குனிந்து பார்த்தோம். இருந்தது. மங்கலான பென்சிலில் சட்டத்தில் 1, காலில் 1. சட்டத்தில் 2, காலில் 2. மூணாம் நம்பருக்குப் பக்கத்தில் சின்ன அம்புக்குறி, எது மேல்பக்கம் என்பதற்கு.

அந்த அக்கா அதற்குள் முடிவே எடுத்துவிட்டார். பாத்திரத்தில் பேர் வெட்டுகிறவர் மாதம் ஒரு தடவை தெருவில் வருவாராம். வீட்டில் ஓட்டை விழுந்த பித்தளைத் தாம்பாளம் ஒன்று இருக்கிறதாம். அதில் ஒரு துண்டு நறுக்கி, பேர் வெட்டி, குறுக்குச் சட்டத்தின் அடியில் அடித்துவிடலாம். ''ஆசாரி, உங்க இனிஷியல் என்ன?'' என்று போனிலேயே கேட்டார்.

சொன்னார். அப்புறம் கொஞ்ச நேரம் சத்தமில்லை.

''போடறதுன்னா வருஷத்தையும் போடுங்கம்மா. செஞ்ச வருஷம் இல்லை, மரம் விழுந்த வருஷம். பின்னால எவனாவது ரிப்பேருக்கு வந்தான்னா, கட்டை எத்தனை வருஷம் காஞ்சதுன்னு அவனுக்குத் தெரியணும்.''

அடுத்தது அலமாரி. மிச்சப் பலகைகள் கொட்டகையில் அடுக்கியபடி இருக்கின்றன. கதவின் நடுப்பலகைக்கு ப்ளைவுட் போதும், அது உப்பாது சுருங்காது என்கிறார் பெல் சார். பலாவேதான், காடியில் நிற்கட்டும் என்கிறார் ஆசாரி. நான் ஆசாரி கட்சி. அந்த அக்கா இன்னும் வாய் திறக்கவில்லை.